கிளுவை வேலியில் ஏறிய கண்வலிக்கிழங்கு



மலருக்கு நம்ம பகுதி வரலாறு எழுதச் சொன்னாங்க. கோயில் வரலாறு, குளத்து வரலாறு எழுதப் பெரியவங்க இருக்காங்க. நான் நம்ம வேலியில ஏறிக் கிடக்கிற ஒரு கொடியோட வரலாற்றை எழுதுறேன். நம்மள்ல நிறையப் பேரு அந்தக் கொடிக்குள்ள நின்னு கூலி வாங்கினவங்கதான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு சொன்னாத் தெரியாதவங்க இல்லை. ஆனா அது எங்கிருந்து வந்துச்சு, எங்க போகுதுன்னு நாம கேட்டதில்லை.

இதுக்குப் பேரு ஒண்ணு ரெண்டு இல்லை. கார்த்திகை மாசம் வரைக்கும் பூக்கிறதால கார்த்திகைப்பூ. இலையோட நுனி சுருண்டு பக்கத்துல இருக்கிற குச்சியைப் பிடிச்சுக்கிறதால தலைச்சுருளி. மண்ணுக்குள்ள கிழங்கு ரெண்டு பக்கமும் நீண்டு கலப்பை மாதிரி இருக்கிறதால கலப்பைக்கிழங்கு. பூவையே உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்க, அதனால கண்வலிக்கிழங்கு. புத்தகத்துல இதுக்குச் செங்காந்தள்னு பேரு. நம்ம தமிழ்நாட்டோட மாநில மலர் இதுதான். ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர்.

பூ விரியறதைப் பாத்திருப்பீங்க. முதல்ல பச்சையா இருக்கும், அப்புறம் மஞ்சள், அப்புறம் நெருப்பு மாதிரிச் சிவப்பு. ஆறு இதழும் நெளிநெளியா மேல பாத்து மடங்கி நிக்கும். சங்க காலப் புலவர்கள் இதைப் பெண்களோட விரலுக்கு உவமை சொல்லியிருக்காங்க. கபிலர் எழுதின குறிஞ்சிப்பாட்டுல 99 பூக்களோட பேரு வரிசையா வரும். அதுல முதல் பேரு செங்காந்தள். தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போன இடத்துல பறிச்சுக் குவிச்ச பூக்கள் அவை. ஆக, எழுத்துல இந்தப் பூ வந்த அன்னைக்கே பெண்கள் கையிலதான் இருந்திருக்கு.

மலைப்பூவா, முருகனுக்கு உகந்த பூவா இருந்தது, வைத்தியர்கள் கைக்கு வந்ததும் மருந்தாச்சு. ஆயுர்வேதத்துல இதுக்கு லாங்கலின்னு பேரு. வடமொழியில அதுக்கும் கலப்பைன்னுதான் பொருள் வருது. கிழங்கோட உருவத்தைப் பாத்து ரெண்டு மொழிக்காரங்களும் ஒரே பேரு வச்சிருக்காங்க. நஞ்சுள்ள செடிகளை உபவிஷம்னு ஒரு வகையாப் பிரிச்சு, அதுல லாங்கலியையும் சேர்த்தாங்க. பசுவோட மூத்திரத்துல ஊறப்போட்டுச் சுத்தி செஞ்ச பிறகுதான் மருந்துல சேர்க்கணும்னு விதி வச்சாங்க. தோல் நோய், மூட்டு வலி, வீக்கம் இதுக்கெல்லாம் பயன்படுத்தினாங்க. பிரசவம் தாமதமானா அரைச்சு மேல்பூச்சாப் போடுற முறையும் இருந்துச்சு.

அதே நூல்கள்ல இந்தக் கொடிக்கு இன்னொரு பேரும் இருக்கு, கர்ப்பகாதினின்னு. கருவை அழிக்கிறதுன்னு அர்த்தம். அந்தப் பேரைக் கேட்டப்ப எனக்கு எங்க அம்மிச்சி ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல வேலியோரம் நான் இந்தப் பூவைப் பறிச்சுக்கிட்டு வந்தப்ப அம்மிச்சி வெடுக்குனு பிடுங்கி எறிஞ்சுட்டாங்க. “பூ அழகுதான் கண்ணு, அடியில இருக்கிறது எமன்”னாங்க. அவங்க ஊர்ல ஒரு பொண்ணு, யாருக்கும் தெரியாம வயித்துல இருந்ததைக் கலைக்க யாரோ சொன்னாங்கன்னு இந்தக் கிழங்கைத் தின்னு உசுரை விட்டுருச்சாம். அந்தப் பொண்ணு பேரை அம்மிச்சி கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. வெளியில சொல்ல முடியாத கஷ்டத்துக்கு வேலியில கிடைச்ச பதிலு அது. இன்னைக்கு அப்படி ஒரு பொண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரி இருக்கு, சட்டம் இருக்கு, கூடவே நம்ம குழுவும் இருக்கு. அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு யாரும் இல்லை.

நம்ம ஊர்ல இது இப்படி இருக்க, வெளிநாட்டுல வேற ஒரு கதை நடந்துச்சு. ஐரோப்பாவுல கோல்ச்சிகம்னு ஒரு செடி. கால் பெருவிரல் வீங்கித் துடிக்கிற கவுட் வலிக்கு அந்த ஊர் வைத்தியர்கள் ரொம்பக் காலமா அதைக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. 1820-ல பிரான்சு நாட்டு ரசாயன அறிஞர்கள் பெல்லத்தியேவும் காவந்துவும் அதுல இருக்கிற சத்தைப் பிரிச்சு எடுத்தாங்க. அதுதான் கோல்ச்சிசின். அதே சத்து நம்ம செங்காந்தள்லயும் இருக்குன்னு 1915-ல லண்டன்ல ஆராய்ச்சி செஞ்சவங்க எழுதினாங்க. 1937-ல இதை வச்சு செடிகளோட குரோமோசோமை இரட்டிப்பாக்கலாம்னு அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. விதையில்லாத தர்பூசணி வந்தது அந்த வழியிலதான். இடுப்பு, கழுத்துப் பிடிப்புக்கு டாக்டர் எழுதித் தர்ற தயோகோல்ச்சிகோசைடு மாத்திரைக்கும் மூலச்சத்து செங்காந்தள் விதையிலிருந்து எடுக்கிறாங்க. குனிஞ்சு வேலை செஞ்சு இடுப்பு பிடிச்சு நாம வாங்குற மாத்திரைக்குள்ள, நாம குனிஞ்சு எடுத்த விதையே இருந்தாலும் இருக்கும்.

விதைக்கு வெளிநாட்டுல கிராக்கி வந்த பிறகுதான் வேலிக்கொடி வயலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி காட்டுல தோண்டித்தான் எடுத்தாங்க. தோண்டத் தோண்டக் காட்டுல கொடி குறைஞ்சு போச்சு. விதை போட்டு முளைக்க வச்சா பூக்குறதுக்கு மூணு நாலு வருசம் ஆகும், கிழங்கு நட்டா அந்த வருசமே பூக்கும். அதனால கிழங்குக்கே நல்ல விலை. நம்ம கொறங்காட்டுல ஆடு மாடு மேய்க்கக் கட்டின கிளுவை வேலியிலதான் இது தானா ஏறிக்கிட்டு இருந்துச்சு. அதைப் பாத்தே வயல்லயும் வரிசையாக் கிளுவைக் குச்சி நட்டுக் கொடி ஏத்தினாங்க. இப்ப நிறைய இடத்துல கம்பிப் பந்தல் வந்திருச்சு. இந்தியாவுல இதைப் பெருமளவு சாகுபடி செய்யறது தமிழ்நாட்டுலதான். நம்ம பக்கம் போக, வேதாரண்யம் பகுதியிலயும் போடுறாங்க.

இனிமேதான் நம்ம பங்கு. இந்தப் பூவுல சூல்தண்டு மகரந்தம் இருக்கிற இடத்தை விட்டு ஒரு பக்கமா மடங்கி நிக்கும். அதனால பூ தானாக் காய் பிடிக்கிறது குறைவு. காட்டுல வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் அந்த வேலையைச் செய்யும். வயல்ல அவ்வளவு பூவுக்கும் அது பத்தாது. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு பூவோட மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவோட சூல்முடியில தொட்டு வைக்கணும். ஒவ்வொரு பூவுக்கும் தொடணும், விட்ட பூவுல காய் இல்லை. இந்த வேலையைப் பெரும்பாலும் செய்யறது பெண்கள்தான். காய் காய வைக்கிறது, உரிக்கிறது, விதை பிரிக்கிறதுலயும் நம்ம கைதான். புலவர்கள் விரலுக்கு உவமை சொன்ன பூவுக்கு, காய் பிடிக்க வைக்கிறதே நம்ம விரல்தான்.

ஆனா விதை விக்கிற அன்னைக்கு நாம அங்க இருக்கிறதில்லை. விலையை வியாபாரி சொல்றாரு. ஒரு வருசம் கிலோ ஆயிரக்கணக்குல போகும், அடுத்த வருசம் விழுந்திரும். விலை இல்லைன்னா சிலர் விதையை மூட்டை கட்டிக் காத்திருப்பாங்க. விலை ஏறினா நம்ம கூலி ஏறுதான்னு கேட்டா, பதில் உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும். வேர்லயிருந்து விதை வரைக்கும் இந்தச் செடி முழுக்க விஷம். கிழங்கைச் சர்க்கரைவள்ளின்னு நினைச்சுத் தின்னு செத்தவங்க உண்டு. தின்ன உடனே ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். பிறகு ரத்த அணுக்கள் குறையும், உறுப்புகள் பழுதாகும். பிழைச்சவங்களுக்குக் கூட ஒண்ணு ரெண்டு வாரத்துல முடி கொத்துக் கொத்தா உதிரும். இதுக்குன்னு நம்பி இருக்கிற மாதிரி மாத்து மருந்து ஆஸ்பத்திரியில கிடையாது. அதனால விதை உரிக்கும்போது கையுறை போடுங்க. வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கழுவாம குழந்தைக்குச் சோறு ஊட்டாதீங்க. விதை மூட்டையையும் கிழங்கையும் சமையல்கட்டுல வைக்காதீங்க. யாராவது தின்னுட்டாத் தெரிஞ்சா வாந்தி வரட்டும்னு காத்திருக்காம 108-க்குச் சொல்லுங்க. தின்ன துண்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கைவைத்தியம் எதுவும் வேண்டாம். படிச்ச வைத்தியர்களே சுத்தி செஞ்சு பயந்து பயந்து கொடுத்த மருந்து இது.

புலவரு பாடினதும், வைத்தியரு பேரு வச்சதும், வெளிநாட்டுக்காரங்க சத்துப் பிரிச்சதும் எழுத்துல இருக்கு. பூவுக்குப் பூ தொட்டு வச்ச பெண்கள் பேரு எதுலயும் இல்லை. அம்மிச்சி சொல்லாத அந்தப் பொண்ணு பேரும் இல்லை. அதனாலதான் இதை நம்ம மலர்லயே எழுதி வச்சேன்.

குழுவா நிலம் குத்தகைக்கு எடுத்துக் கத்திரி, வெங்காயம் போட்ட அனுபவம் நமக்கு இருக்கு. அடுத்த கூட்டத்துல ரெண்டு விஷயம் பேசலாம்னு கேட்டுக்கிறேன். விதை உரிக்கப் போற எல்லாருக்கும் கையுறை வாங்கித் தரச் சொல்லிக் காட்டுக்காரங்ககிட்ட ஒரே குரலாக் கேக்கலாம். நம்ம உறுப்பினர்கள்ல யாரு வீட்டுல விதை இருக்கோ, அதை ஒண்ணாச் சேர்த்து விலை பேசலாம். தனியாப் போனா வியாபாரி சொல்றதுதான் விலை. நாப்பது வீட்டு விதை ஒரே இடத்துல இருந்தா அவரு நம்மளைத் தேடி வருவாரு.