கடுக்காயும் சீரகச் சம்பாவும்

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு நாள் உலாவாக வேலூர்ப் பக்கம் வருபவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: காலையில் அமிர்தி, வெயில் ஏறுமுன் கோட்டை, பசி எடுத்ததும் ஆம்பூர் பிரியாணி. இந்த மண்ணுக்குச் சோறு போட்ட தோல் தொழில் மட்டும் அந்தத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை.

வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967இல் அமைந்த சிறு உயிரியல் பூங்காவும், மழைக்காலத்து அருவியும் இங்கே ஆட்களை இழுக்கின்றன. இதே மலையில் விளையும் கடுக்காயைப் பொறுக்கி விற்பது மலைவாழ் மக்களின் பழைய வருமானம். கடுக்காயும், வறண்ட காடுகளில் தானாக முளைக்கும் ஆவாரஞ்செடியின் பட்டையும்தான் குரோம் உப்பு வருவதற்கு முந்தைய தோல் பதனீட்டின் மூலப்பொருள்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறி, முடி நீங்கிய தோலைப் பட்டைச் சாற்றில் போடுவார்கள். இப்படி அரைப்பதம் செய்த தோல் சென்னை பெரியமேட்டு மண்டிகள் வழியாகக் கப்பலேறியது.

வேலூர்க் கோட்டைக்கும் தோலுக்கும் ஒரு ரத்தக்கறை படிந்த தொடர்பு உண்டு. 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர அரசுக்கு உட்பட்ட நாயக்கர்கள் எழுப்பிய கோட்டை இது. கிழக்கிந்தியக் கும்பினியின் கையில் இருந்தபோது, சிப்பாய்களுக்குத் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வந்தது. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளும் கூடவே வந்தன. குஞ்சத்தில் இருப்பது பசுத்தோலா, பன்றித்தோலா என்ற சந்தேகம் இந்துவையும் முஸ்லிமையும் ஒருசேர உறுத்தியது. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டை சிப்பாய்கள் வசமானது. திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்த அந்தக் கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த கும்பினி அதிகாரி கில்லெஸ்பி அன்றே கிளர்ச்சியை அடக்கினார்.

உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகள் மூலவர் இல்லாமலே கிடந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் 1981 மார்ச்சில்தான் கோட்டைக்குள் வந்தது. கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816இல் வேலூருக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டு 1832இல் இறந்தான். அவன் கல்லறை இது.

ஆற்றங்கரை, கோட்டை, தோல், ஆட்டுக்கறிச் சோறு. இந்தச் சேர்க்கை ரஷ்யாவிலும் உண்டு. வோல்கா கரையிலுள்ள கசான் நகரை 1552இல் இவான் மன்னன் பிடித்தான். அதன் கோட்டைக்குள் இன்று தேவாலயமும் குல் ஷரீப் மசூதியும் அருகருகே நிற்கின்றன. அங்குள்ள தாத்தார் முஸ்லிம்கள் பதனீட்டில் பேர்பெற்றவர்கள். வண்ணத்தோல் துண்டுகளை ஒட்டுத்தையலாக இணைத்த அவர்களது காலணியைப் பயணிகள் தேடி வாங்குகிறார்கள். சாப்பாட்டு மேசைக்கு இறைச்சி போட்ட புலாவ் வரும்.

ஆனால் ஆம்பூரில் தைக்கும் ஷூ வெளிநாட்டுக் கடைகளுக்குப் போய்விடுகிறது. பயணிக்குக் கிடைப்பது பிரியாணி. ஆற்காட்டு நவாபின் அடுப்படியிலிருந்து வந்தது என்று ஊரார் சொல்லும் சமையல் இது. பாஸ்மதிக்கு இங்கே வேலையில்லை. குட்டையான சீரகச் சம்பாதான். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதுதான் நிறத்தையும் காரத்தையும் தருகிறது. மசாலா அடக்கம். வேகவைத்த அரிசியைக் கறியோடு சேர்த்து, மூடிமேல் தணல் போட்டுத் தம் கட்டுவார்கள். கூடவே புளிப்பான கத்திரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஷாப்புகள் பெருகின. அந்தப் பணம் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மாறியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்டதும், ஷாப்புகள் முழுப்பதத் தோலுக்கும் ஷூவுக்கும் மாறின. சோவியத் ஒன்றியம் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றாக இருந்தது; 1991இல் அது உடைந்தபோது அந்தச் சந்தையும் சரிந்தது.

பதனீட்டுக்குத் தண்ணீர் தந்தது பாலாறு. கழிவை வாங்கிக்கொண்டதும் அதுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டதையும் அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெற இந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம். இன்றும் சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் பாலாற்று வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது: பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு முதலில் இழப்பீடு தர வேண்டும், பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்றது.