நடுகல் நாய்களும் இனப்பெயர்களும்

தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் வலிய காவல்நாயாகப் பெயர் பெற்றது. அதன் தொன்மையைப் பேசுவோர் பழைய நடுகற்களைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அக்கற்கள் உண்மையில் எதைப் பதிவு செய்துள்ளன?

செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்பவன் மாண்டான். அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. அந்நாயின் பெயர் கோவிவன். வீரனோடு அதன் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஆதகூர்க் கல்வெட்டு கன்னடத்தில் அமைந்தது. சகம் 872, அதாவது பொ.ஆ. 949–50. தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன், கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடம் காளி என்னும் வேட்டைநாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றான். பின்னர்ப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, பன்றியும் நாயும் ஒருங்கே மடிந்தன. காளிக்குக் கல் நட்டு, நிலமும் கொடையளித்தனர்.

இரு கல்வெட்டுகளிலும் நாயின் இயற்பெயர் உண்டு, செயல் உண்டு, இனப்பெயர் இல்லை. கோம்பை, இராசபாளையம், முதோள் ஆகிய இன்றைய இனப்பெயர்கள் மூன்றும் ஊர்ப்பெயர்கள். பதிவேடும் கண்காட்சி அளவுகோலும் கொண்டு இனத்தை வரையறுக்கும் முறையோ, 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றிய பின்னர்ப் பரவியது. ஆகவே, இக்கற்களைக் கொண்டு நாயின் தொழிலையும் அதற்குக் கிடைத்த மதிப்பையும் நிறுவலாம். எந்தவோர் இனத்தின் வமிசாவளியையும் நிறுவ இயலாது.