சத்தம் போடாத துப்பாக்கி: கண்டி முகாம் முதல் சைகோன் காடு வரை 80 வருட கதை

காரைக்கால்:

சினிமாவில் வில்லன் கோட்டுப் பையில் இருந்து ஒரு சின்னக் குழாயை எடுப்பான். துப்பாக்கி முனையில் திருகுவான். "புஸ்க்" என்று ஒரு சத்தம். பக்கத்து ரூமில் தூங்குபவர் திரும்பிக்கூட படுக்க மாட்டார்.

இதில் பாதி நிஜம், பாதி ரீல். ஆனால் அந்த நிஜத் துப்பாக்கியை வைத்திருந்த உளவுப்படை, ஒரு காலத்தில் காரைக்கால் கடலுக்கு அக்கரையிலேயே முகாம் போட்டிருந்தது பலருக்கு தெரியாது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பைக் சைலன்சரின் அண்ணன்

துப்பாக்கி சைலன்சரை விற்பனைக்கு கொண்டு வந்தவர் அமெரிக்காவை சேர்ந்த ஹிராம் பெர்சி மாக்சிம். இவர் 1909-ம் ஆண்டு இதற்கு காப்புரிமை வாங்கினார். இவருடைய அப்பாதான் புகழ்பெற்ற மாக்சிம் மெஷின் கன்னை கண்டுபிடித்தவர். அப்பா துப்பாக்கியை அலற விட்டார். மகன் அதன் வாயை அடைத்தார். இதே தத்துவத்தை வைத்து வண்டி என்ஜின் சத்தத்தை குறைக்கும் கருவிகளையும் மகன் செய்தார். இன்று நாம் ஓட்டும் பைக்கில் தொங்கும் சைலன்சரும் இதே குடும்பம்தான்.

வேலை செய்யும் விதம் ரொம்ப சுலபம். குக்கரில் விசிலை ஒரேயடியாக தூக்கினால் நீராவி சீறிக்கொண்டு வரும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் சத்தம் அடங்கிவிடும். தோட்டா வெடிக்கும்போது பின்னாலேயே கொதிக்கும் வாயு பாய்ந்து வருகிறது. அது சட்டென்று வெளிக்காற்றில் மோதுவதுதான் "டுமீல்". சைலன்சருக்குள் உள்ள அறைகளும் கம்பி வலைகளும் அந்த வாயுவை பிடித்து, ஆற வைத்து, மெதுவாக வெளியே விடுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டா ஒலியை விட வேகமாக, அதாவது நொடிக்கு சுமார் 340 மீட்டருக்கு மேல் பறந்தால் காற்றில் சாட்டை அடித்தது போல தனியாக ஒரு சத்தம் வரும். அதை எந்த சைலன்சராலும் தடுக்க முடியாது. அதனால் இந்த வகை துப்பாக்கிகளில் வேகம் குறைந்த தோட்டாதான் போடுவார்கள்.

ஜனாதிபதி அறையில் சுட்டவர்

2-ம் உலகப்போரின்போது அமெரிக்காவின் உளவு அமைப்பு ஓ.எஸ்.எஸ். அதன் தலைவர் டோனோவன். எதிரி காவலாளியை சத்தமில்லாமல் முடிக்க அவருக்கு ஒரு கைத்துப்பாக்கி தேவைப்பட்டது. ஹை ஸ்டாண்டர்ட் என்ற கம்பெனியின் பாயிண்ட் 22 பிஸ்டலை தேர்ந்தெடுத்தனர். பெல் டெலிபோன் ஆராய்ச்சி கூடத்தினர் சைலன்சரை வடிவமைத்தனர். துப்பாக்கி குழலில் வரிசையாக துளைகள் போட்டு, அதை சுற்றி கம்பி வலையை உருட்டி வைத்தனர். அதுதான் எச்.டி.எம். பிஸ்டல். மேகசினில் 10 தோட்டா. 1944-ல் இருந்து உளவாளிகள் கைக்கு போய் சேர்ந்தது.

டோனோவன் இதை வெள்ளை மாளிகைக்கு கொண்டு போய், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உதவியாளருக்கு கடிதம் சொல்லிக் கொண்டிருந்தபோதே மூலையில் இருந்த மணல் மூட்டையில் 10 தோட்டாவையும் சுட்டுத் தீர்த்தார் என்றும், ரூஸ்வெல்ட்டுக்கு அது காதில் விழவே இல்லை என்றும் ஓ.எஸ்.எஸ். அதிகாரி ஒருவர் பின்னாளில் எழுதினார்.

வெறும் ஈயத் தோட்டா உடம்பில் பட்டதும் நசுங்கி விரியும். அது போர் விதிகளுக்கு விரோதம் என்பதால், செப்புக் கவசம் போட்ட பாயிண்ட் 22 தோட்டாக்களை இதற்காகவே தனியாக செய்தார்கள்.

300 கிலோ மீட்டரில் முகாம்

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தன்னுடைய தென்கிழக்கு ஆசிய படைத் தலைமையகத்தை டெல்லியில் இருந்து இலங்கையின் கண்டிக்கு மாற்றினார். ஓ.எஸ்.எஸ்.சின் 404-வது பிரிவும் கண்டிக்கு வந்தது. திரிகோணமலையில் அதற்கு கடற்கரை பயிற்சி முகாம் இருந்தது. காரைக்காலில் இருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் சுமார் 300 கிலோ மீட்டர்தான். அங்கே பயிற்சி பெற்றவர்கள் மலேயா, சுமத்ரா, தாய்லாந்து கரைகளில் ரகசியமாக இறங்கினர்.

இங்கிலாந்தின் ரகசியப் படையான 'போர்ஸ் 136'-ம் கண்டியில்தான் இருந்தது. இங்கிலாந்துக்காரர்களிடம் இருந்த சைலன்சர் துப்பாக்கியின் பெயர் வெல்ராட். கைப்பிடியாக இருக்கும் மேகசினை கழற்றி விட்டால் பார்ப்பதற்கு சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். யார் செய்தது என்று ஒரு எழுத்துகூட அதில் இருக்காது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பின்னால் உள்ள திருகை கையால் திருப்பி இழுக்க வேண்டும். தானாக இயங்கும் பாகம் இல்லாததால் 'கிளிக்' சத்தமும் இல்லை.

அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1940-லேயே பிரெஞ்சு இந்திய கவர்னர் போன்வேன், ஹிட்லரை எதிர்த்த டிகால் பக்கம் சேர்ந்துவிட்டார். அதனால் நம்ம ஊரும் நேச நாடுகள் அணியில்தான் இருந்தது.

சைகோனில் மீண்டும்

காரைக்கால்காரர்களுக்கு சைகோன் புது ஊர் இல்லை. வியாபாரத்துக்கு போனவர்களும் உண்டு, பிரெஞ்சு பட்டாளத்தில் 'சொல்தா'வாக போனவர்களும் உண்டு. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமில் தோற்றனர். அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதி காரைக்காலும் அவர்கள் கையை விட்டு இந்தியாவுக்கு வந்தது.

அடுத்து வியட்நாமில் இறங்கிய அமெரிக்க சிறப்புப் படையினரிடம் பழைய எச்.டி.எம். மீண்டும் தலைகாட்டியது. கடற்படை 'சீல்' கமாண்டோக்களுக்கு 9 எம்.எம். பிஸ்டலில் புதிதாக ஒன்று செய்தனர். காவல் நாய்களை குரைக்க விடாமல் சுடுவதற்கு என்பதால் அதற்கு 'ஹஷ் பப்பி' என்று பட்டப்பெயர். இதன் சைலன்சருக்குள் உள்ள அடைப்பான் சுமார் 2 டஜன் தோட்டாவுக்குத்தான் தாங்கும். பிறகு மாற்ற வேண்டும். சினிமா ஹீரோ மாதிரி நாள் முழுக்க சுட முடியாது.

இதற்கிடையே 1960 மே 1-ந் தேதி ரஷியாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க யு-2 உளவு விமானத்தின் விமானி பவர்சிடம் ஒரு எச்.டி.எம். பிஸ்டல் சிக்கியது. அவருக்கு 10 ஆண்டு தண்டனை கிடைத்தது. 1962-ல் ரஷிய உளவாளி ஒருவருக்கு மாற்றாக விடுதலை ஆனார். துப்பாக்கி மட்டும் திரும்பவில்லை. அது மாஸ்கோ மியூசியத்துக்கு போய்விட்டது.

சினிமா ரீல் எது?

* கைத்துப்பாக்கி சத்தம் 150 டெசிபலுக்கு மேல் போகும். எச்.டி.எம். சைலன்சர் குறைத்தது 20 டெசிபலுக்கு சற்று கூடுதல். அதாவது சத்தம் குறையுமே தவிர, ஒழியாது.

* சாதாரண ரிவால்வரில் சைலன்சர் மாட்டி பிரயோஜனம் இல்லை. தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக வாயு தப்பி சத்தம் போடும்.

இந்தியாவில் யாரிடம்?

கான்பூர் சிறு ஆயுத தொழிற்சாலையில் ஸ்டெர்லிங் கார்பைனின் சைலன்சர் ரகம் '2ஏ1' என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஆயுதங்கள் ராணுவம், கமாண்டோ படைகளுக்கு மட்டும்தான்.

பொதுமக்களுக்கு சைலன்சர் அறவே கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், சைலன்சர் குழாயையே ஒரு துப்பாக்கியாக கணக்கில் எடுக்கிறது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் அது தடை செய்யப்பட்ட முதல் பிரிவில் இருக்கிறது. தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால், 2019-ல் செய்த திருத்தத்தின்படி 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை ஜெயில். ஆன்லைனில் கிடைக்கிறதே என்று ஆர்டர் போடும் இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2008-ல் மும்பையில் தாக்குதல் நடத்தியவர்கள் மீன்பிடி படகை கடத்தித்தான் கடல் வழியாக வந்தார்கள். அதனால் வலையில் துப்பாக்கியோ, புரியாத இரும்புக் குழாயோ சிக்கினால் கழற்றிப் பார்க்காமல், கடலோர போலீசுக்கு 1093, கடலோர காவல் படைக்கு 1554 என்ற எண்களில் மீனவர்கள் தகவல் சொல்லலாம்.

பைக்கில் சைலன்சர் இல்லாவிட்டால் அபராதம். துப்பாக்கியில் சைலன்சர் இருந்தால் ஜெயில். இதை மட்டும் ஞாபகம் வைத்துக் கொண்டால் போதும்.