தனியா கப்பல்ல போனா ரெண்டு பேர் காசா? சோலோ க்ரூஸ் செலவுக் கணக்கு!

திண்டிவனத்தில் இருக்கும் என் தோழிக்கு வயது 27. தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மாதச் சீட்டில் சேர்த்த பணம் கைக்கு வந்ததும் அவள் போட்ட முதல் ப்ளான், சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் இரண்டு இரவுகள். யாரோடும் இல்லை, தனியாக!

இன்ஸ்டாவில் வந்த விளம்பரத்தில் 'ஒருவருக்கு' என்று போட்டிருந்த தொகை, கையிலிருந்த பணத்துக்குள் அடங்கியது. புக்கிங் பக்கத்தில் 'பெரியவர்: 1' என்று தட்டினாள். திரையில் வந்த தொகையைப் பார்த்ததும் எனக்கு போன். "ஏய், ஒரு ஆளுக்குத்தானே கேட்டேன்? இது என்னடி, கிட்டத்தட்ட ரெண்டு ஆள் காசு கேக்குது!"

ஆப்பில் எந்தக் கோளாறும் இல்லை. கப்பல் டிக்கெட் விற்கும் முறையே அப்படித்தான். அதைப் புரிந்துகொண்டு பட்ஜெட் போட்டால், தனியாகப் போகலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

காலிப் படுக்கைக்கும் காசு

பஸ், ரயில், விமானம் மூன்றிலும் நாம் வாங்குவது ஒரு சீட்டை. சொகுசுக் கப்பலில் வாங்குவது ஓர் அறையை, அதாவது கேபினை. பெரும்பாலான கேபின்கள் இரண்டு பேருக்கென்று கட்டப்பட்டவை. விளம்பரத்தில் வரும் 'ஒருவருக்கு' என்ற விலை, அந்த அறையை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு. நீங்கள் மட்டும் போனால், பக்கத்துப் படுக்கைக்கான பணத்தில் ஒரு பகுதியோ முழுவதுமோ உங்கள் தலையில் விழும். இதற்கு 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்று பெயர். உலக அளவில் இது பொதுவாக 50 முதல் 100 சதவிகிதம் வரை இருக்கும்.

ஏன் இப்படி? கப்பல் நிறுவனங்களுக்கு டிக்கெட்டில் மட்டும் வருமானம் இல்லை. பார், ஸ்பா, வைஃபை, கேசினோ, கரையில் சுற்றிப் பார்க்கும் டூர் என்று பயணி உள்ளே செலவழிப்பதும் பெரிய வருமானம். ஒரு படுக்கை காலியாகப் போனால் அந்த ஆளின் செலவும் போச்சு. அதைத்தான் நம்மிடம் ஈடுகட்டுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஓர் உதாரணம். (இது எந்த நிறுவனத்தின் விலையும் இல்லை.) இரண்டு இரவுப் பயணம், ஒருவருக்குக் கட்டணம் ₹20,000. வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ₹4,000 என்று வைத்துக்கொள்வோம்.

- இரண்டு பேர் போனால்: ஆளுக்கு ₹24,000.
- தனியாக, 50% சப்ளிமென்ட்: ₹30,000 + ₹4,000 = ₹34,000.
- தனியாக, 100% சப்ளிமென்ட்: ₹40,000 + ₹4,000 = ₹44,000. ஓர் இரவுக்கு ₹22,000!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சப்ளிமென்ட் என்பது கேபின் கட்டணத்துக்குத்தான். தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் துறைமுகக் கட்டணம், டிப்ஸ் போன்றவை ஒருவருக்கு மட்டுமே வர வேண்டும். பில்லில் அதுவும் இரண்டு மடங்காக இருந்தால், காரணம் கேளுங்கள்.

விளம்பரத்தில் வராத செலவுகள்

பொதுவாக டிக்கெட்டிலேயே அடங்குபவை: கேபின், பொது உணவகங்களில் சாப்பாடு, நீச்சல் குளம், ஜிம், பெரும்பாலான மேடை நிகழ்ச்சிகள். தனிக் காசு: மது, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஸ்பா, வைஃபை, கரையில் இறங்கிச் சுற்றும் டூர்.

டூரிலும் தனி ஆளுக்கு ஒரு சிக்கல் உண்டு. நான்கு பேர் சேர்ந்தால் கரையில் ஒரு டாக்ஸி பிடித்து வாடகையைப் பிரித்துக்கொள்ளலாம். தனியாகப் போனால் முழு வாடகையும் உங்களுடையது. கப்பலிலேயே பழகியவர்களோடு சேர்ந்து போவதுதான் இதற்குப் பலரும் செய்யும் வழி.

முக்கியமாக, போன்! கரை மறைந்ததும் சிக்னல் போய்விடும். சில கப்பல்களில் சாட்டிலைட் வழியாகச் செல்போன் நெட்வொர்க் இருக்கும். உங்கள் போன் தானாக அதில் ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் எகிறிவிடும். ஏறியதுமே ஏரோப்ளேன் மோட் போட்டுவிடுங்கள். வைஃபை தேவைப்பட்டால் மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரிலிருந்து எங்கே ஏறுவது?

விழுப்புரம் மாவட்டத்துக்கு மரக்காணம் பக்கம் கடற்கரை உண்டு. ஆனால், சொகுசுக் கப்பல் ஏற சென்னைத் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். 2022 ஜூன் 4-ம் தேதி கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் இலங்கைப் பயணமும் இங்கிருந்து தொடங்கியது. பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் 2022-ல் இதே கப்பலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கேசினோ இருக்கிறது என்பது அப்போது எழுந்த முக்கிய எதிர்ப்பு. 2025 ஜூலை 4-ம் தேதிதான் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. அப்போதும் கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைப் படகுகளில் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கப்பல் வருடம் முழுக்க சென்னையில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் கொந்தளிக்கும்போது, பொதுவாக ஜூனை ஒட்டிய மாதங்களில், கிழக்குக் கரைக்கு வரும். மற்ற நேரங்களில் மும்பை, கோவா, கொச்சி பக்கம். அங்கே போய் ஏறுவதென்றால் ரயில் அல்லது விமானச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சென்னைதான் என்றால் போக்குவரத்துச் செலவு குறைவு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு நம் பக்கத்து அரசு பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போய் புறநகர் ரயில் பிடித்தால், கடற்கரை ஸ்டேஷனில் இறங்கலாம். துறைமுகம் அதற்கு எதிர்ப்பக்கம்தான். திண்டிவனத்தில் நிற்கும் விழுப்புரம் - தாம்பரம் பாசஞ்சரில் வந்து, தாம்பரத்தில் மாறினாலும் சரி. எந்த கேட் வழியாக உள்ளே விடுவார்கள் என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். அதனால் ஜி.எஸ்.டி ரோடு ட்ராஃபிக்கை நம்பி கடைசி நேரத்தில் கிளம்ப வேண்டாம்!

சிங்கப்பூர் கப்பல் என்றால்?

அடையாள அட்டையோடு போகிற உள்நாட்டுப் பயணம் போல் இல்லை இது. பாஸ்போர்ட் (புதிதாக எடுக்க, 36 பக்கத்துக்கு சாதாரணக் கட்டணம் ₹1,500), விசா, விமான டிக்கெட், முந்தின நாள் ஹோட்டல் எல்லாம் சேரும். ஹோட்டல் அறை வாடகையிலும் பாதியைப் பகிர ஆள் கிடையாது. கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பினால், நீங்கள் அந்த நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசா அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். டிராவல் ஏஜென்ட்டிடம் வெளிநாட்டுப் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது போன பணமில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பக் கேட்கலாம்.

வெளிநாட்டுக் கப்பல்கள் சிலவற்றில் தனி ஆளுக்கென்றே கட்டிய கேபின்கள் உண்டு. 2010-ல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பல், சுமார் 100 சதுர அடியில் இப்படி 128 சிறிய கேபின்களோடு வந்தது. இவற்றில் சப்ளிமென்ட் பிரச்னை இல்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

படுக்கைக்கு மட்டும் காசு கொடுக்கும் கப்பல்கள்

'எனக்கு சொகுசு வேண்டாம், கடல்தான் வேண்டும்' என்பவர்களுக்கு இரண்டு வழிகள்.

- சென்னை - அந்தமான் பயணிகள் கப்பல்: இது அரசு சேவை. பங்க், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், டீலக்ஸ் என்று வகுப்புகள். டிக்கெட் ஒரு படுக்கைக்குத்தான். மற்ற படுக்கைகளில் சக பயணிகள் இருப்பார்கள். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள்கள். சாப்பாடு சுமார்தான், நீச்சல் குளம் இல்லை. தேதிகளும் சில நாள்களுக்கு முன்புதான் தெரியவரும். லீவு போடும்போது இதை மனதில் வையுங்கள்.
- நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல்: 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் 110 கி.மீ, நான்கு மணி நேரம். ஒரு சீட்டுக்கு ஒரு டிக்கெட், அவ்வளவுதான். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாகப் போகும் காரைக்கால் எக்ஸ்பிரஸ் நாகப்பட்டினத்தில் நிற்கும். பாஸ்போர்ட் கட்டாயம். மழைக்காலத்தில் சேவை நிற்கலாம்.

பணம் கட்டும் முன்...

1. '1 பெரியவர்' என்று மாற்றிய பிறகு வரும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். 'ஆரம்ப விலை' உங்களுக்கானது இல்லை.
2. வார நாள்களில் கிளம்பும் பயணம், ஜன்னல் இல்லாத உள் கேபின் - இரண்டும் பொதுவாக விலை குறைவு. தனியாகப் போகிறவர் தூங்கத்தான் அறைக்கு வருவார்.
3. 'இரண்டாவது ஆளுக்குப் பாதி விலை' ஆஃபர் உங்கள் பில்லில் எப்படி வருகிறது என்று கேளுங்கள். சப்ளிமென்ட் அதற்கேற்பக் குறையலாம், குறையாமலும் போகலாம்.
4. யாராவது 'ரூம்மேட் சேர்த்துவிடுகிறோம்' என்றால், ஆள் கிடைக்காவிட்டால் யார் மீதிப் பணம் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரூம்மேட் ஆணா, பெண்ணா என்பதையும்!
5. ரத்து விதிகளைப் படியுங்கள். தேதி நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் பணம் குறையும். நாலு பேர் போகும் ட்ரிப்பில் ஒருவர் வராவிட்டாலும் சமாளிக்கலாம். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மொத்தமும் போகும். இன்ஷூரன்ஸ் பற்றி யோசியுங்கள்.

தோழி கடைசியில் என்ன செய்தாள்? அன்று புக் பண்ணவில்லை. இரண்டு நாள் கழித்துப் புதுச் சீட்டு ஒன்றில் சேர்ந்தாள். இந்த முறை இலக்கு, விளம்பரத்தில் வந்த தொகை இல்லை, முழு கேபினின் தொகை. "கூட யாரையாவது கூட்டிட்டுப் போயேன், பாதியாகுமே" என்று அவள் அம்மாவைப் போலவே நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நைட் டூட்டி பார்த்து பார்த்து, ஒரு ரூம்ல நான் மட்டும் தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? காசு கொடுக்கறதே அந்தக் காலிப் படுக்கைக்குத்தான். அதுல என் பேக் தூங்கிக்கட்டும், விடு!"