ஹார்ட் டிஸ்க்கைத் தூங்க வைத்த கதை

படிப்பது பி.காம். ஆனாலும் இன்றைக்குக் கொஞ்சம் கணினி வரலாறு. கடைசியில் நம்ம பாடமும் வரும், பயப்படாதீங்க :-)

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. எடை சுமார் ஒரு டன். அதை அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வெடுக்க வைக்கலாம் என்று அன்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். லேப்டாப் வந்தபிறகுதான் அந்தத் தேவை பிறந்தது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதானே அங்கே கேள்வி?

1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏபிஎம் என்ற மின்சிக்கன முறையைக் கொண்டுவந்தன. அதில் பெரும்பாலான முடிவுகளை எடுத்தது பயாஸ். 1996-இல் இதே இருவரும் தோஷிபாவும் சேர்ந்து ஏசிபிஐ-யை வெளியிட்டார்கள். இனி எது எப்போது தூங்கலாம் என்று தீர்மானிப்பது இயங்குதளத்தின் வேலை. ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயும் ஒரு மென்பொருள் உண்டு. அதுவும் தன் பங்குக்கு முடிவெடுக்கும். சிக்கல் அங்கேதான்.

டிஸ்க்கின் ஓய்வில் இரண்டு வகை. ஒன்று, தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், படிக்கும் முனை மட்டும் ஓரமாக ஒதுங்கும். மற்றொன்று ஸ்டாண்ட்பை. இதில் தட்டே நின்றுவிடும். நின்ற தட்டை மறுபடி சுற்ற வைக்க அதிக மின்சாரம் வேண்டும். எனவே சில வினாடிகள் மட்டும் நிறுத்தினால் லாபமில்லை, நஷ்டம்தான்.

லினக்ஸ் இதற்கு ஒரு வழி கண்டது. ஜென்ஸ் ஆக்ஸ்போ தொடங்கி, பார்ட் சாம்வெல் 2.6 கெர்னலுக்குக் கொண்டுவந்த லேப்டாப் மோட், எழுத வேண்டியவற்றை நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும். ஆபத்தும் உண்டு. நடுவில் பேட்டரி போனால் பத்து நிமிட வேலை வரை காணாமல் போகலாம்.

2007 அக்டோபரில் உபுண்டு பயனர்களிடையே ஒரு பரபரப்பு. சில லேப்டாப்களில் முனை ஒதுங்கும் எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது, டிஸ்க் சீக்கிரம் செத்துவிடும் என்றார்கள். லினக்ஸ் மின்சிக்கனப் பணிகளில் பெயர்பெற்ற மேத்யூ காரெட், உபுண்டு இயல்பாக அந்த அமைப்பைத் தொடுவதே இல்லை, அது டிரைவிலோ பயாஸிலோ ஏற்கெனவே இருப்பது என்று விளக்கினார்.

அப்படியானால் யார் மேல் தப்பு? சும்மா இருந்த சில வினாடிகளில் டிஸ்க் முனையை ஒதுக்கியது. லினக்ஸோ சில வினாடிகளுக்கு ஒருமுறை எதையாவது எழுதி எழுப்பியது. ஒரு கோப்பைப் படித்தாலே, படித்த நேரத்தைக் குறித்துவைக்க இன்னொரு எழுத்து! தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். ஒருவர் வழக்கம் மற்றவருக்குத் தெரியாததுதான் பிரச்சினை.

இப்போது நம்ம பாடம். இயந்திரத்தின் தேய்மானத்தை ஆண்டுக் கணக்கில் மட்டுமல்ல, பயன்பாட்டு அலகிலும் கணக்கிடலாம் அல்லவா? பல லேப்டாப் டிஸ்க்குகளுக்கு 6 லட்சம் தடவை என்று ஒதுங்கும் வரம்பு குறித்திருந்தார்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 120. ஆக மொத்தம் 5,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஓடினால் 625 நாள். இரண்டு வருடம்கூட இல்லை! வரம்பு தாண்டியதும் டிஸ்க் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் பேட்டரிச் செலவில் மிச்சம் பிடித்ததை முதலீட்டில் இழந்தோம். அதற்குள் இருக்கும் புகைப்படங்களுக்கு எந்தக் கணக்கு போடுவது?

எச்டிபார்ம் கட்டளையில் 'பி' அளவை 254 என்று வைத்துப் பலர் தப்பித்தார்கள். அதற்கும் விலை உண்டு. டிஸ்க் கூடுதலாகச் சூடாகும், லேப்டாப் கீழே விழுந்தால் முனை தட்டில் மோதும் வாய்ப்பும் கூடும். படித்த நேரத்தைக் குறிக்கும் வழக்கத்தை 2009-இல் வந்த 2.6.30 கெர்னல் இயல்பாகவே குறைத்துக்கொண்டது.

எஸ்எஸ்டி-யில் சுற்றும் தட்டும் இல்லை, முனையும் இல்லை. ஆனால் பேக்கப்புக்கு வைத்திருக்கும் வெளி டிஸ்க்குகள் பலவற்றில் இரண்டும் உண்டு. ஸ்மார்ட் அறிக்கையில் 193-ஆம் எண் வரிசையில் இந்த எண்ணிக்கை இருக்கும். இன்று ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை பார்த்துக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்தால், முதல் வேலையாக இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.