எண்ணெயும் கிரணமும் மரபணுவும்: தொழுநோய் ஆராய்ச்சியில் ஆவடிக் களப்பிரிவின் இடம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டிய அம்பத்தூர், ஆவடி என்னும் ஊர்களைப் பற்றிப் பேச்செழுந்தால், தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும், சற்று வயதானவர்களுக்கு 1955ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மகாநாடும் நினைவுக்கு வருமேயன்றி, தொழுநோய்த் தடுப்பூசிகளைப் பற்றிய மிகப் பெரிய பரீட்சைகளுள் ஒன்று இங்கிருந்தே நடத்தப்பட்டது என்பது வைத்தியத் துறைக்கு வெளியே அநேகமாக எவருக்கும் தெரியாது. அந்த வியாதியை வெல்லுவதற்கான முயற்சியில், தாவர எண்ணெயின் ரசாயனம், அணுக்கருப் பௌதிகம், மரபணு சாஸ்திரம் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாதனபோல் தோன்றும் மூன்று துறைகள் வெவ்வேறு காலங்களில் தத்தம் பங்கைச் செலுத்தியிருக்கின்றன. இம்மூன்றின் பெருமையையும் ஆய்வுக்கூடத்தில் வைத்து அளப்பதே உலக வழக்கம். ஆனால் இவற்றின் முடிவுகளில் எது நிற்கும், எது விழும் என்பதை நிர்ணயித்தது, வீடு வீடாகச் சென்று ஆட்களை எண்ணி, சில ஆண்டுகள் கழித்து அதே வீடுகளுக்கு மீண்டும் சென்று எண்ணிய எளிய வேலையே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆக்ராவில் ஜப்பானியரின் உதவியால் தோன்றிய ஜால்மா தொழுநோய் நிலையம் 1976இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பொறுப்புக்கு வந்தது. அந்நிலையத்தின் களப்பிரிவு ஒன்று ஆவடியில் இயங்கியது. 1999 ஜூலை 2ஆம் நாள் இக்களப்பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையமும் ஒன்றாக்கப்பட்டு, தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்னும் ஸ்தாபனம் உருவாயிற்று. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுக்கு இடையே அது இன்றும் இருக்கிறது. வியாதியை நேரில் பார்த்தவர்களையும் கணக்குப் பார்த்தவர்களையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்திய அந்த இணைப்பு, நிர்வாக வசதிக்காகச் செய்யப்பட்டதாகவே இருக்கலாம். என்றாலும் அது பொருத்தமானது.

முதலில் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் நீரடிமுத்தின் தைலத்தையும், வடகிழக்கிலும் பர்மாவிலும் விளையும் அதன் இனமாகிய சால்மூக்ராவின் தைலத்தையும் நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் குஷ்டத்துக்குப் பிரயோகித்து வந்தனர். கல்கத்தாவிலிருந்த டாக்டர் மௌவாட் 1854இல் அதை ஐரோப்பிய வைத்தியத்துக்கு அறிமுகப்படுத்தினார். அரை நூற்றாண்டுக்குப் பின் லண்டனில் பிரெடரிக் பவர் என்னும் ரசாயன அறிஞரும் அவருடைய துணைவர்களும் அவ்வெண்ணெயைப் பிரித்துப் பார்த்தபோது, நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் காணப்படாத ஒரு விசேஷம் வெளிப்பட்டது. சாதாரணக் கொழுப்பமிலங்கள் நீண்ட கரிச்சங்கிலிகள்; சால்மூக்ரிக் அமிலத்திலும் ஹைட்னோகார்ப்பிக் அமிலத்திலுமோ சங்கிலியின் நுனியில் ஐந்து கரியணுக்கள் கூடிய வளையம் ஒன்று தொங்குகிறது. முன்னதில் மொத்தம் 18 கரியணுக்கள், பின்னதில் 16. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் உடம்பில் கலவாமல் கட்டிக்கொண்டு வலிக்கும் அவ்வெண்ணெயை, எத்தில் எஸ்டர்களாக மாற்றி ஊசிக்கு ஏற்றதாக்கியவர் ஹவாய்த் தீவில் பணிபுரிந்த ஆலிஸ் பால் என்ற இளம்பெண். 1916இன் கடைசி நாளில், 24 வயதில், தம் முறை அச்சேறுமுன்பே அவர் மரித்தார்.

இத்தனை நேர்த்தியான ரசாயனம் பின்பலமாக இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் உலகெங்கும் லட்சக்கணக்கான ஊசிகள் போடப்பட்டும், அவ்வெண்ணெய் நோயைக் குணப்படுத்திற்றா என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை ஒருபோதும் கிடைக்கவில்லை. காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. குழந்தைகளின் முதுகிலோ தொடையிலோ தோன்றும் ஆரம்பகாலத் தேமல்களில் பெரும்பகுதி எந்தச் சிகிச்சையும் இன்றித் தாமே மறைந்துவிடும். முற்றிய நோயும் சில காலம் தணிந்து சில காலம் சீறும். ஆகவே எண்ணெய் போட்டவர்களை மட்டும் பார்த்து, போடாதவர்களைப் பார்க்காமல் விட்டால், இயற்கையின் கருணையை எண்ணெயின் கணக்கில் வரவு வைத்துவிடுவது எளிது. சத்திரங்களிலும் ஆசிரமங்களிலும் கிடைத்த உணவும் ஓய்வும் சுத்தமும் அக்கணக்கில் சேர்ந்திருக்கும். 1940களில் செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்தைக் கையாளத் தொடங்கியபின், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் எண்ணெய் வழக்கொழிந்தது. அது பரீட்சையில் தோற்று வெளியேறவில்லை. பரீட்சைக்கே உட்படாமல் வெளியேறியது. இதில் ஒரு விநோதம், எண்ணெய் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, 1975இல், அதன் அமிலங்கள் எலியின் பாதத்தில் தொழுநோய்க் கிருமி பெருகுவதைத் தடுக்கின்றன என்று அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே பழைய வைத்தியர்கள் வெறும் மூடநம்பிக்கையால் அதைக் கையாண்டனர் என்று பேசுவாரின் அலட்சியமும், நம் முன்னோர் அறியாத மருந்தில்லை என்று பேசுவாரின் பெருமிதமும் சான்றுக்கு அப்பாற்பட்டவை.

இனிக் கிரணத்துக்கு வருவோம். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமியை இன்றுவரை எவராலும் கண்ணாடிக் குப்பியில் வளர்க்க முடியவில்லை. ஒன்று இரண்டாவதற்கே இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே தடுப்பூசி செய்ய விரும்பியவர்கள், அர்மடில்லோ என்னும் ஓட்டு விலங்கின் உடலில் கிருமியை வளர்த்தெடுக்க வேண்டும். அல்லது அதன் உறவான வேறொரு கிருமியை நாட வேண்டும். பம்பாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டாம் வழியை மேற்கொண்டு, நோயாளியின் கட்டியிலிருந்து தாங்கள் வளர்த்த ஐ.சி.ஆர்.சி. என்னும் கிருமியைக் காமாக் கிரணங்களால் கொன்று தடுப்பூசியாக்கினர்.

கிரணத்தால் கொல்வதன் நுட்பத்தைச் சிறிது விளக்குவது அவசியம். இத்தகைய வேலைக்கு வழக்கமாகப் பயன்படுவது கோபால்ட்-60. அணு உலையில் சாதாரணக் கோபால்ட்டின் கரு ஒரு நியூட்ரானை ஏற்று இவ்வடிவை அடைகிறது; பின் 5.27 ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும் வேகத்தில் சிதைந்து, நிக்கலின் கிளர்ந்த கருவாக மாறி, அக்கிளர்ச்சி அடங்கும்போது 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கிரணங்களை விடுகிறது. கொதிக்கவைத்துக் கொன்றால் கிருமியின் புரதங்கள் உருக்குலைந்து, உடம்பு அதை அடையாளம் காண வேண்டிய முகமே மாறிவிடக்கூடும்; கிரணமோ பிரதானமாக உள்ளிருக்கும் மரபுப்பொருளை அறுத்து இனப்பெருக்கத்தை நிறுத்திவிட்டு, வெளித்தோற்றத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. அனுமானம் அழகானது; அனுமானங்கள் பெரும்பாலும் அழகானவையே.

அத்தடுப்பூசியைச் சோதிக்கும் பொறுப்பு ஆவடிக் களப்பிரிவிடம் வந்தது. 1991 ஜனவரியில் தொடங்கி இரண்டரை ஆண்டுகளில் 1,71,400 பேர் மனமுவந்து ஊசி போட்டுக்கொண்டனர். க்ஷயத் தடுப்பூசியாகிய பி.சி.ஜி. மட்டும், பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி, டில்லியில் ஆராயப்பட்டு வெப்பத்தால் கொல்லப்பட்ட எம்.டபிள்யூ. கிருமி, கிரணத்தால் கொல்லப்பட்ட ஐ.சி.ஆர்.சி., வெறும் உப்புநீர் என்ற ஐந்தில் யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பின்னர் இருமுறை மறு கணக்கெடுப்பு நடந்தது. தொழுநோய்க் கணக்கெடுப்பு எப்படிப்பட்டது என்பதை நேரில் கண்டவர் அறிவர். பகல் வெளிச்சத்தில், உடம்பின் முன்னும் பின்னும் தோலைப் பார்க்க வேண்டும். ஊரார் தேமல் என்றும் படை என்றும் சொல்லும் வெளிறிய இடம் தென்பட்டால், ஆளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் அங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். முழங்கையின் உட்புறத்து நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஐயமிருப்பின் காதுமடலை இரு விரலால் இறுக்கி வெளுக்கச் செய்து, பிளேடால் சிறு கீறலிட்டுச் சுரண்டியதைக் கண்ணாடிச் சில்லில் தடவ வேண்டும். வயலுக்குப் போனவருக்காக மாலை வரை காத்திருக்கவும், சட்டையைக் கழற்ற நாணும் பெண்களுக்குப் பெண் ஊழியரை அனுப்பவும் வேண்டும்.

இப்பரீட்சையை நடத்திய எம்.டி.குப்தேயும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட முடிவின்படி, ஐ.சி.ஆர்.சி. 65.5 விழுக்காடும், பி.சி.ஜி.யும் கொல்லப்பட்ட கிருமியும் சேர்ந்த ஊசி 64 விழுக்காடும், பி.சி.ஜி. மட்டும் 34.1 விழுக்காடும், எம்.டபிள்யூ. 25.7 விழுக்காடும் பாதுகாப்பளித்தன. கிரணத்தால் கொன்றது 65.5, வெப்பத்தால் கொன்றது 25.7 என்பதைக் கண்டு, அணுக்கருப் பௌதிகமே வென்றது என்று கூறத் தோன்றும். ஐ.சி.ஆர்.சி.யின் மெய்யான பலம் 48க்கும் 77க்கும் இடையிலும், மற்றதன் பலம் 1.9க்கும் 43.8க்கும் இடையிலும் இருக்கலாம் என்பதால் இரண்டின் எல்லைகளும் ஒன்றையொன்று தொடவுமில்லை. ஆயினும் அவை இரு வேறு கிருமிகள். கொன்ற முறையும் வேறு, கொல்லப்பட்டதும் வேறு. இவ்விரண்டில் எது வித்தியாசத்துக்குக் காரணம் என்று இப்பரீட்சை சொல்லவில்லை, சொல்லக்கூடிய விதத்தில் அது அமைக்கப்படவும் இல்லை. களம் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே விடையளிக்கும்.

பி.சி.ஜி.க்குக் கிடைத்த 34.1ஐயும் சிறிது நோக்க வேண்டும். அதே ஊசி தொழுநோய்க்கு எதிராக உகாண்டாவில் சுமார் 80 விழுக்காடும், பர்மாவில் சுமார் 20 விழுக்காடும் பலனளித்ததாகக் காணப்பட்டது. ஆவடியைத் தாண்டி அதே இருப்புப்பாதையில் இருக்கும் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 1968 முதல் 1971 வரை க்ஷயரோகத்துக்கு எதிராக அது போடப்பட்டபோது, பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்ற முடிவு 1979இல் வெளியாகி உலக வைத்தியர்களைத் திகைக்க வைத்தது. பிரிட்டனில் தேறிய மருந்து திருவள்ளூரில் தேறவில்லை. ஒரு பிரதேசத்து ஜனங்களிடம் கண்டதை இன்னொரு பிரதேசத்துக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் கிடையாது.

மூன்றாவதான மரபணு சாஸ்திரத்துக்கு இப்பாடம் இன்னும் நெருங்கியது. 2001இல் தொழுநோய்க் கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும் பாரிஸ், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களால் வாசிக்கப்பட்டது. அவர்கள் வாசித்தது தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டு அர்மடில்லோவில் வளர்க்கப்பட்ட கிருமி; அதன் குறியீடே டி.என். என்பது. 32,68,203 எழுத்துகள் கொண்ட அத்தொகுதியில் வேலை செய்யும் மரபணுக்கள் 1,604. பழுதாகிச் செயலற்றுக் கிடப்பவை 1,116. க்ஷயக் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள் இருப்பதை நினைத்தால், குப்பியில் இது ஏன் வளர்வதில்லை என்பது ஒருவாறு விளங்கும்: தனித்து வாழும் சாமர்த்தியங்களை இழந்து, பிறிதோர் உடம்பையே நம்பி வாழும் உயிர் இது. பிற்பாடு இந்தியா, பிரேசில், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கிருமிகளை ஒப்பிட்டபோது அவை 99.995 விழுக்காடு ஒன்றாகவே இருந்தன.

கிருமி எங்கும் ஏறத்தாழ ஒன்றேயாயின், ஒரே வீட்டில் ஒருவருக்கு வருவதும் இன்னொருவருக்கு வராமலிருப்பதும் மனிதரின் பரம்பரையால் இருக்கலாம் என்று தேடத் தொடங்குவது நியாயமே. அதே 2001இல், தென்னிந்தியக் குடும்பங்கள் 224ஐ ஆராய்ந்தவர்கள், பத்தாவது குரோமோசோமின் குறுங்கையில் ஓர் இடத்துக்கும் நோய்க்கும் தொடர்பு கண்டனர். வியட்நாமில் ஆராய்ந்தவர்களோ ஆறாவது குரோமோசோமில் பார்க்-2 என்னும் மரபணுவின் பக்கத்தைச் சுட்டினர். இந்தியரிடம் சோதித்தபோது அத்தொடர்பு வலுவாகத் தென்படவில்லை. இவற்றுக்கு முன்பே 1973இல் வெளியான இந்திய இரட்டையர் ஆய்வொன்றில், ஒரே கருவில் பிளந்த இரட்டையரில் இருவருக்கும் நோயிருந்தது சுமார் 60 விழுக்காடு, இருகரு இரட்டையரில் சுமார் 20 விழுக்காடு. பரம்பரைக்கு இது வலிய சாட்சி என்பர். ஆனால் அச்சில் வார்த்தாற்போன்ற இருவர் ஒரே வியாதியோடு கிராமத்தில் நடமாடினால் அது ஊர் முழுவதும் தெரியும். ஒருவருக்கு மட்டும் நோயுள்ள இரட்டையர் எளிதில் கண்ணில் படமாட்டார்கள். எல்லா வீடுகளையும் எண்ணாமல், தெரிந்தவர்களைக் கொண்டு மட்டும் கணக்கிட்டால் விகிதம் பரம்பரையின் பக்கமே சாயும்.

கணக்கெடுப்பு மட்டும் குற்றமற்றதா என்று கேட்பவருக்கு, இல்லை என்பதே விடை. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்குக் குறைவாக நோயாளிகள் இருப்பதால் தொழுநோய் ஒழிக்கப்பட்ட நிலையை 2005 டிசம்பரில் நாடு எட்டியதாக அறிவிக்கப்பட்டது. அந்த விகிதம் பதிவேட்டில் இருந்தவர்களைக் கொண்டு கணக்கிடப்பட்டது. கடும் வகை நோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 24 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைக்கப்பட்டபோதே, நோய் சிறிதும் குறையாவிட்டாலும், பதிவேட்டில் ஒருவர் பெயர் நிற்கும் காலம் பாதியாயிற்று. வீடு வீடாகத் தேடுவது நின்று, தாமாக வருபவரை மட்டும் சுகாதார நிலையத்தில் பார்ப்பது என்றானபோது, கண்டுபிடிக்கப்படாதவர் எவர் கணக்கிலும் சேரவில்லை. 2016இல் தேடுதல் இயக்கம் தொடங்கப்பட்டதும் ஆயிரக்கணக்கான மறைந்த நோயாளிகள் வெளிப்பட்டனர். எண்ணும் சாஸ்திரம் தவறியது அதன் முறையால் அன்று. எண்ண வேண்டியவர்களை எண்ணாமல் ஏட்டை எண்ணியதால்.

பத்தாவது குரோமோசோமைப் பற்றிய கூற்றைத் தீர்க்க வேண்டுமானால் செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகவே இருக்கிறது. நோயாளிகளின் சகோதர சகோதரிகளில் இன்று தோல் தெளிவாக உள்ளவர்களின் இரத்தத்தை எடுத்து வைத்து, அவர்களில் யார் நோயுறுகிறார்கள், யார் தப்புகிறார்கள் என்பதை இருபது ஆண்டுகள் வரை பார்த்திருக்க வேண்டும். தொற்றுக்கும் தேமலுக்கும் இடையே அத்தனை காலம் செல்லக்கூடும். 2020இல் கொரோனாத் தொற்றின் பரவலை நாடு முழுவதும் இரத்தப் பரிசோதனையால் அளந்தது அயப்பாக்கத்து நிறுவனமே. அதற்குச் சில வாரங்கள் போதுமாயிருந்தன. தொழுநோய்க்கு வேண்டியது, முதல் ஆண்டு சென்ற அதே கதவைப் பதினைந்தாம் ஆண்டும் தட்டுவதற்கு நியமிக்கப்பட்ட ஊழியர்கள். அத்தகைய ஊழியர்கள் முன்பு செய்துவந்த தேடும் வேலை பொதுச் சுகாதாரப் பணியில் கலந்து கரைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன.