இரு கதிரைவேலர், இரு அயோத்திதாசர்: இராயப்பேட்டையை முன்வைத்து ஒருபெயர்ச் சிக்கல் பற்றிய ஆய்வு

தமிழ் அகராதி வரலாற்றில் ‘கதிரைவேற்பிள்ளை அகராதி’ என்ற பெயருக்கு உரிமை கோரும் நூல்கள் இரண்டு. ஒன்றைத் தொகுத்தவர் சென்னை இராயப்பேட்டை வெஸ்லி கல்விச்சாலையில் தமிழ் கற்பித்த நா. கதிரைவேற்பிள்ளை. மற்றொன்றைத் தொகுத்தவர் இலங்கையில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்த கு. கதிரவேற்பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார். அதிலும் வடமராட்சிப் பகுதியைச் சேர்ந்தவர்கள்: முன்னவர் ஊர் மேலைப்புலோலி, பின்னவர் உடுப்பிட்டிக் குமாரசுவாமி முதலியாரின் மகன். ஒருவர் 1904இலும் மற்றவர் 1907இலும் மறைந்தனர். தொழில் வேறு, வாழ்ந்த நகரம் வேறு என்றாலும் நூல் வகை ஒன்று, பிறந்த நிலம் ஒன்று, காலமும் ஏறத்தாழ ஒன்று. அடிக்குறிப்பில் தலைப்பெழுத்து ஒன்று உதிர்ந்தால் போதும், இருவரும் ஒருவராகிவிடுவார்கள். உதிர்ந்தும் இருக்கிறது.

இந்த மயக்கம் பழைய மரபின் குறையால் நேர்ந்ததாகவே பொதுவாக எண்ணுகிறோம். தமிழர்க்கு வரலாற்று உணர்வு குறைவு, பெயர்களைக் கவனமாகக் குறித்துவைக்கவில்லை என்ற பழைய குற்றச்சாட்டின் நீட்சி இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெயரொத்தோரைப் பிரித்துக்காட்டும் முறை தமிழில் நெடுங்காலமாக உண்டு. அதைக் கத்தரித்தது நவீன அச்சும் பட்டியலும்தான்.

சங்கத் தொகைகளைத் தொகுத்தோர் இந்தச் சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயரில் ஊரும் தந்தையின் தொழிலும் உறவும் அடையாக நிற்கின்றன. மதுரை மருதன் இளநாகனார் என்ற பெயரும் அப்படித்தான். அடை இல்லாத இடத்தில்தான் தொல்லை. ஔவையார் என்ற ஒரே பெயரின்கீழ் சங்கப் பாடல்களும் ஆத்திசூடியும் வந்து சேர்ந்தபோது, நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த ஒரு மூதாட்டியைக் கதை உருவாக்க வேண்டியதாயிற்று. ஒருவரல்லர், பலர் என்று பிற்காலத்து ஆய்வாளர் மொழியையும் யாப்பையும் கொண்டு காட்ட வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முகப்பேடுகளும் இந்த மரபில் வந்தவையே. இன்ன ஊரினர், இன்னாரின் புதல்வர், இன்னாரின் மாணாக்கர், இன்ன கலாசாலைத் தமிழ்ப் பண்டிதர் என்று முகப்பேடு நீண்டுகொண்டே போகும். இன்றைய வாசகர் அதைத் தற்பெருமை என்று கடந்துவிடுகிறார். உண்மையில் அது ஒரு முகவரி. வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்றோருக்கு இன்னும் ஓர் அடையாளம் கிடைத்தது. அங்கே மாணவர்க்கு அமெரிக்கப் புரவலர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகிய பெயர்கள் அப்படி வந்தவை. 1829இல் பிறந்த கு. கதிரவேற்பிள்ளையும் அங்கே படித்தவர். யாழ்ப்பாணத்தில் அவர் வைமன் கதிரவேற்பிள்ளை. மதம் மாற்றும் நோக்கில் வந்த பெயர்தான். ஆனாலும், சூட்டியவர்கள் நினைத்துப் பார்த்திராத வகையில், ஆய்வாளனுக்கு அது கைகொடுக்கிறது. ‘வைமன்’ என்று எழுதிய இடத்தில் இராயப்பேட்டை ஆசிரியரோடு மயங்க வழியே இல்லை.

மயக்கத்தால் என்ன கெட்டுப்போகிறது? இரண்டு அகராதிகளும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. கு. கதிரவேற்பிள்ளையின் தமிழ்ச் சொல்லகராதி அவர் வாழ்நாளில் முழுமையாக வெளிவரவில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் அதனை ஏற்று 1910, 1912, 1923 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்டது. ‘சங்க அகராதி’ என்ற பெயர் அதனால் வந்தது. பொருளுக்கு இலக்கிய மேற்கோளைச் சான்றாக நிறுத்த முயன்ற அகராதி அது. நீதிமன்றத்தில் பழகியவருக்குச் சான்றில்லாமல் பொருள் சொல்ல மனம் வரவில்லை போலும்! 1913இல் பணி தொடங்கி 1936இல் நிறைவுற்ற சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கு முன்னோடிகளை வரிசைப்படுத்தும்போது, மேற்கோள் முறையின் வளர்ச்சியில் இதற்குத் தனியிடம் தர வேண்டும். நா. கதிரைவேற்பிள்ளையின் அகராதியோ ஆசிரியரும் மாணவரும் மேசைமேல் வைத்துப் புரட்டுவதற்கானது. ஒரே தொகுதி, சுருக்கமான பொருள், பல பதிப்புகள். பயன்பாட்டில் வென்றது இதுதான். இரண்டையும் ஒருவர் தலையில் கட்டினால், பள்ளி அகராதியின் வரலாறும் சான்றகராதியின் வரலாறும் ஒருங்கே குழம்பும்.

ஆள் குழம்புவதால் வேறொன்றும் நடக்கிறது. நா. கதிரைவேற்பிள்ளை வெறும் அகராதிக்காரர் அல்லர். ஆறுமுக நாவலர் வழியில் வந்த கடுஞ்சைவர், சதாவதானி, ‘மாயாவாத தும்ச கோளரி’ என்று பட்டம் பெற்றவர். வள்ளலாரின் பாடல்களை எதிர்த்து நாவலர் 1869இல் தொடங்கிவைத்த அருட்பா – மருட்பாப் போரைச் சென்னையில் மறுபடி மூட்டியவர். 1904இல் அது நீதிமன்றம் வரை போயிற்று. அந்த வழக்கில் ஆசிரியருக்காக அலைந்ததில், வெஸ்லி மாணவர் ஒருவருக்குப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வாய்ப்பே போயிற்று. அவர்தான் திரு.வி.க. ஆசிரியர் மறைந்த மறு ஆண்டு, 1908இல், திரு.வி.க. அவருடைய சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். இந்த நெருப்பை உடுப்பிட்டி நீதிபதியின் கணக்கில் எழுதினால் இருவர்க்கும் அநீதி.

பட்டத்தை வைத்துப் பிரித்துவிடலாமே என்று கேட்கலாம். அதே போரில் வள்ளலார் பக்கம் நின்று வாதிட்ட கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் சதாவதானியே. பட்டம் ஆளைக் காட்டுமென்று நம்பினால், சண்டையில் யார் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. தலைப்பெழுத்தும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. நா. என்பது தந்தை நாகப்பபிள்ளையின் முதலெழுத்து, கு. குமாரசுவாமியின் முதலெழுத்து. திரு.வி.க.வின் பெயரிலோ ‘திரு’ திருவாரூரைக் குறிக்கிறது, ‘வி’ தந்தை விருத்தாசலத்தை. அந்தத் ‘திரு’வை மரியாதைச் சொல்லாக நினைப்பவர் இன்றும் பலர். அதே கல்யாணசுந்தரம் என்ற பெயருடைய திரைப்பாடலாசிரியர் ஊரை முழுமையாக முன்னே வைத்துக்கொண்டார். பட்டுக்கோட்டையையும் திரு.வி.க.வையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. சுருக்காத அடைக்கு உள்ள வலிமை அது.

ஐரோப்பிய நூலகங்கள் இந்தச் சிக்கலை ஆண்டுகளைக் கொண்டு தீர்க்கின்றன. வியன்னாவின் யோகான் ஸ்ட்ராஸ் இருவரும் தந்தையும் மகனும். இருவரும் வால்ட்ஸ் இசைத்தவர்கள். 1804–1849, 1825–1899 என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது. நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. வேப்பேரியில் வாழ்ந்து 1779இல் தமிழ் – ஆங்கில அகராதி தந்த ஜெர்மானியர் யோகான் பிலிப் பப்ரீசியஸ் (1711–1791). தரங்கம்பாடியிலிருந்து போன பூச்சிகளுக்கு அறிவியல் பெயரிட்ட டென்மார்க்குக்காரர் யோகான் கிறிஸ்தியான் பப்ரீசியஸ் (1745–1808). இருவர் உழைப்பிலும் சோழமண்டலக் கரை இருக்கிறது. நடுப்பெயரும் ஆண்டுகளும் இருப்பதால் பட்டியலில் இவர்கள் மோதுவதில்லை.

இந்த முறையை அப்படியே கொண்டுவந்தால் என்ன? கொண்டுவந்திருக்கிறோம்; பல பட்டியல்கள் அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் திருமுழுக்குப் பதிவேடு உள்ள சமூகத்தில் பிறந்த ஆண்டு உறுதியான சான்று. நம் புலவர்கள் பலர்க்கு அது பின்னாளில் கணித்துச் சொன்னது. நா. கதிரைவேற்பிள்ளையின் பிறப்பையே 1871 என்போரும் 1874 என்போரும் உளர். ஆட்டம் காணும் ஆண்டை அடையாளமாக்கினால் ஒரே ஆள் பட்டியலில் இருவராகப் பிரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. இவர்கள் விஷயத்தில் ஊரும் தந்தையும் கற்பித்த இடமும்தான் ஐயமற நிற்பவை. அவற்றை முன்னே வைத்து ஆண்டைப் பின்னே தள்ளுவதே முறை.

இதுவரை சொன்னது தற்செயலாகப் பெயரொத்தவர்களுக்குப் பொருந்தும். வேண்டுமென்றே ஒருவர் பெயரை மற்றவர் ஏற்றுக்கொண்டால்? அதற்கும் இராயப்பேட்டையே சான்று தருகிறது. 1845இல் பிறந்த காத்தவராயன் தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவரும், 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கியவரும் இவரே. சைவ வாதியான நா. கதிரைவேற்பிள்ளைக்கு இந்தப் பௌத்தர் எதிர்முகாம். திரு.வி.க.வுக்கோ, சிறுவயதில் தம் முடக்கு நோயைத் தீர்த்த மருத்துவர்.

க. அயோத்திதாச பண்டிதர் என்ற அச்சுப்பெயரில் தந்தை கந்தசாமியின் எழுத்து முன்னே நிற்கிறது. ஆசானின் பெயர் அதைத் தொடர்கிறது. பெற்றோர் இட்ட பெயர் எங்குமே இல்லை. பட்டியல் நெறிப்படி ‘காத்தவராயன் என்ற அயோத்திதாசர்’ என்று பதிவது எளிது, சரியும்கூட. ஆனால் அது அவர் எடுத்த முடிவைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சாதிப் பெயர்களையும் சமயப் பெயர்களையும் மறுவாசிப்புச் செய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர், தம் பெயரை ஆசான் வழி மரபின் அடையாளமாக்கினார். கதிரைவேலர் இருவரையும் பிரித்தெழுத வேண்டும். அயோத்திதாசர் இருவரையும் பிரிக்கும்போதே இணைத்தும் எழுத வேண்டும். பட்டியலின் தலைப்பு வரியில் ‘இன்னாரின் மாணாக்கர்’ என்ற பழைய முகப்பேட்டுத் தொடருக்கு மீண்டும் இடம் கொடுத்தால் இரண்டும் ஒரே வரியில் நடக்கும். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை, இராயப்பேட்டை வெஸ்லி தமிழாசிரியர். உடுப்பிட்டி வைமன் கு. கதிரவேற்பிள்ளை, நீதிபதி. இராயப்பேட்டை க. அயோத்திதாச பண்டிதர், அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் மாணாக்கர். அட்டை நிரலின் காலத்தில் இவ்வளவு நீளம் இடர்ப்பாடாக இருந்திருக்கலாம். கணினிப் பட்டியலில் அந்தச் சாக்கு எடுபடாது.